டார்ச் லைட்டின் உடம்பு இருக்கட்டும், எல்.இ.டி.யை மாற்றுங்கள்

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் போன் பழுது பார்க்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். சுற்று ரப்பர் தோட்டங்களிலிருந்து வரும் டார்ச் லைட்டுகளில் பெரும்பாலானவற்றின் உடம்பில் ஒரு குறையும் இருக்காது. அலுமினியக் கூடும் கண்ணாடியும் சுவிட்சும் திடமாக இருக்கும், உள்ளே உள்ள எல்.இ.டி. மட்டும் பழசு. அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. சாலிடரிங் பழக்கம் கொஞ்சம் இருந்தால் வீட்டிலேயே மாற்றிவிடலாம்.

எல்லாரும் கேட்பது, "தம்பி, இன்னும் பளிச்சுன்னு எரியுமா?" என்றுதான். தோட்ட வேலைக்கு அதைவிட முக்கியம் நிறம் சரியாகத் தெரிவது. என் அக்கா இன்னும் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறார். விடியுமுன் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். அதனால் இருட்டிலேயே நிரைக்குள் இறங்கியாக வேண்டும். உளி பட்டையைச் சீவும்போது உள்ளே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் விட்டுவிட வேண்டும். ஆழம் தவறினால் மரத்தில் காயம், அடுத்து வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாக வரும். இந்தக் கணக்கைக் கண்தான் சொல்கிறது. நீலம் கலந்த வெளிச்சத்தில் பட்டையின் அடுக்குகள் எல்லாம் ஒரே சாம்பல். இன்னொன்று, நம் கெடாவில் மலாயா குழிவிரியன் இருக்கிறது. பழுப்பு நிறம், காய்ந்த சருகுக்குள் அசையாமல் கிடக்கும், ஆள் கிட்டே வந்தாலும் விலகாது. பழுப்புக்குள் பழுப்பைப் பிரித்துக் காட்டும் வெளிச்சம் காலைக் காப்பாற்றும்.

வெள்ளை எல்.இ.டி. என்பது உண்மையில் நீல எல்.இ.டி.தான். மேலே பூசிய பாஸ்பர் நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. மலிவான பூச்சில் சிவப்பு மிகக் குறைவு, பழுப்பும் சிவப்பும் செத்துப் போவது அதனால்தான். நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதைச் சி.ஆர்.ஐ. என்ற எண் சொல்லும். 90-க்கு மேல் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். நிற வெப்பம் (வெளிச்சம் மஞ்சள் பக்கமா நீலப் பக்கமா என்று சொல்லும் எண்) 4000 முதல் 5000 கெல்வின் வரை போதும். 6500 கெல்வின் எடுத்தால் மறுபடி நீலம் கலந்த வெளிச்சம்தான்.

நான் அதிகம் போடுவது நிச்சியா 519ஏ. பிரகாசமான நீல எல்.இ.டி.க்காக 2014-இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஷுஜி நாகமுரா அந்த வேலையைச் செய்தது இதே நிச்சியா நிறுவனத்தில்தான். சாம்சங் எல்.எச்.351டி-யும் நல்லது, கிட்டத்தில் அகலமாகப் பரவும். தூரம் பாய வேண்டும் என்றால் லுமினஸ் எஸ்.எஸ்.டி.20, அதிலும் 4000 கெல்வின், 95 சி.ஆர்.ஐ. உள்ளது. மூன்றும் ஏறத்தாழ 3.5 மில்லிமீட்டர் சதுரம், 3535 என்று கேளுங்கள். உங்கள் டார்ச்சில் இருப்பது 5 மில்லிமீட்டர் சதுரமாக இருந்தால், 3535 உட்காரும் புதுச் செம்புப் பலகையும் சேர்த்து வாங்க வேண்டும். குண்டுமணி போல ஒன்பது சின்ன எல்.இ.டி. பதித்த பிளாஸ்டிக் டார்ச்சை விட்டுவிடுங்கள், சூடு வெளியேற அதில் வழியே இல்லை.

இப்போது வேலை. பேட்டரியைக் கழற்றிவிட்டு முன் வளையத்தைத் திருகுங்கள். கண்ணாடி, ரப்பர் வளையம், ரிஃப்ளெக்டர் என்று வரிசையாக வரும். ரிஃப்ளெக்டரின் உட்புறத்தைத் துணியால்கூடத் துடைக்காதீர்கள், அந்தப் பூச்சில் கீறல் விழுந்தால் போகாது. எல்.இ.டி.யைச் சுற்றி ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் வளையம் இருக்கும், பத்திரம். சிவப்பு, கறுப்பு வயர்கள் எங்கே ஒட்டியிருந்தன என்று போனில் படம் எடுத்துவிட்டுச் சாலிடரை எடுங்கள். பலகையைத் தூக்கி, அடியில் காய்ந்துபோன வெப்பப் பேஸ்ட்டை (சூட்டைக் கடத்தும் பசை) சுத்தமாகச் சுரண்டுங்கள்.

எல்.இ.டி.யைச் சாலிடரிங் அயர்னால் ஒட்ட முடியாது, அதன் கால்கள் அடிவயிற்றில் இருக்கின்றன. பலகையையே அடியிலிருந்து சூடாக்க வேண்டும். சின்ன ஹாட் பிளேட் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பழைய இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்து அசையாமல் பிடிக்கவைத்தாலும் நடக்கும். 138 டிகிரியில் உருகும் பிஸ்மத் சாலிடர் பேஸ்ட் வாங்குங்கள். பலகையின் மூன்று திட்டுகளிலும் ஊசிமுனை அளவு தடவி, கூட்டல் கழித்தல் பக்கம் பார்த்து எல்.இ.டி.யை வையுங்கள். சாம்பலாக இருந்த பேஸ்ட் திடீரென்று வெள்ளியாக மின்னும். அந்தக் கணத்தில் எல்.இ.டி. தானே நகர்ந்து நேராக உட்காரும். சாமணத்தால் ஓரத்தை மெல்லத் தட்டுங்கள், அதிகப்படி சாலிடர் வெளியே பிதுங்கும். மேலே உள்ள மஞ்சள் பரப்பைத் தொடவே கூடாது. அது மெத்தென்ற சிலிக்கோன், அழுத்தினால் எல்.இ.டி. கெட்டுவிடும்.

ஆறிய பிறகு மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்துத் தொட்டுப் பாருங்கள். மங்கலாக மினுக்கினால் சரியாக ஒட்டியிருக்கிறது. கூட்டல், கழித்தல் திட்டுகளுக்கும் பலகையின் அடிச் செம்புக்கும் தொடர்பு இருக்கவே கூடாது.

பலகைக்கு அடியில் வெப்பப் பேஸ்ட்டை மெல்லிசாகத் தடவி வைத்து, வயர்களைச் சாலிடர் செய்யுங்கள். சாலிடர் மேடு தட்டையாக இருக்கட்டும், உயர்ந்தால் ரிஃப்ளெக்டரில் பட்டு ஷார்ட் ஆகிவிடும். வெள்ளை வளையம் அதைத் தடுக்கத்தான், எல்.இ.டி.யை நடுவில் நிறுத்துவதும் அதுதான். சுவரில் அடித்துப் பார்த்தால் ஒளியின் நடுவில் கறுப்பு ஓட்டை தெரிகிறதா? ரிஃப்ளெக்டரின் உயரம் சரியில்லை, வளையத்தின் தடிப்பை மாற்றிப் பாருங்கள். உள்ளே எங்கும் சூப்பர் க்ளூ வேண்டாம், அதன் ஆவி கண்ணாடியிலும் ரிஃப்ளெக்டரிலும் வெள்ளையாகப் படிந்துவிடும்.

மூடுவதற்கு முன் மின்னோட்டத்தை அளந்துவிடுங்கள். புது எல்.இ.டி.களுக்குப் பழையதைவிடக் குறைந்த வோல்ட் போதும். 7135 சிப் உள்ள டிரைவர் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சின்னச் சர்க்யூட்) என்றால் கவலையில்லை, ஒவ்வொரு சிப்பும் ஏறத்தாழ 350 மில்லியாம்ப்புக்கு மேல் விடாது. டிரைவரே இல்லாத மலிவு டார்ச்சில் மின்னோட்டம் எகிறும், எல்.இ.டி. நீலமாக மாறினால் உடனே அணைக்க வேண்டும். மூன்று ஏ.ஏ.ஏ. பேட்டரிக்கென்று செய்ததில் லித்தியம் செல்லைத் திணிக்காதீர்கள். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

பத்து நிமிடம் எரியவிட்டுக் கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சூடு ஒழுங்காக வெளியே வருகிறது. உடம்பு ஜில்லென்று இருந்து வெளிச்சம் மட்டும் குறைந்துகொண்டே போனால், பலகை சரியாக உட்காரவில்லை, மறுபடி கழற்றுங்கள். கடைசியாக ரப்பர் வளையத்தில் சிலிக்கோன் கிரீஸ் கொஞ்சம் தடவி மூடுங்கள். தோட்டத்து மழைக்கு அது இல்லாமல் ஆகாது.