பழைய கைமணிக்கூட்டைத் தெரிந்து வாங்குதல்

1969 டிசம்பரில் சீக்கோ நிறுவனம் அஸ்ட்ரோன் என்ற, மின்கலத்தில் ஓடும் குவார்ட்ஸ் கைமணிக்கூட்டை விற்பனைக்கு விட்ட பின்னர், வெறுமனே நேரம் பார்ப்பதற்குச் சாவி கொடுக்கும் மணிக்கூடு தேவையற்றதாகியது. ஆயினும் சேகரிப்போர் அதையே தேடுகின்றனர். பற்சக்கரமும் வில்லும் கொண்ட இயந்திரத்தைக் கழற்றித் துப்புரவாக்கி, எண்ணெயிட்டு, தேய்ந்த பாகத்தை மாற்றி மீண்டும் ஓடவைக்கலாம் என்பதே அந்த ஈர்ப்பின் முதற் காரணம். அழகு அதற்குப் பின்னரே வரும்.

மெய்யான பழையது வேண்டுமா, பழைய சாயலில் இன்று செய்யப்படுவது வேண்டுமா என்பதை முதலில் தீர்மானியுங்கள். லோன்ஜின் நிறுவனம் தனது 1959ஆம் ஆண்டுச் சுழியோடி மணிக்கூட்டைத் தழுவி 2007இல் லெஜண்ட் டைவரை வெளியிட்டது. அதேபோல் பழைய சாயலிலான ரியூடர் நிறுவனத்தின் பிளாக் பே 2012இல் வந்தது. கிணற்றடியில் குளிக்கும்போதும் கழற்ற மனமில்லாதவருக்கு இத்தகையவையே பொருத்தம்.

பழையதை வாங்குவோர் இயந்திரத்தைவிட முகப்பையே கூர்ந்து பார்க்க வேண்டும். இயந்திரத்தைத் திருத்தலாம், மீள வர்ணம் பூசிய முகப்பை முன்னிருந்த நிலைக்குக் கொண்டுவர இயலாது. உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கையில் எழுத்துகள் தடித்தோ, நிமிடக் கோடுகள் சரிந்தோ தெரிந்தால் அது மீளப் பூசப்பட்டது என்று சந்தேகிக்கலாம். அடியில் ‘ஸ்விஸ்’ என்பதன் இருபுறமும் ‘ரி’ (T) என்ற ஆங்கில எழுத்து இருந்தால் ஒளிர்பூச்சில் டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் உண்டு என்பது பொருள். அதன் அரைவாழ்வு, அதாவது அது பாதியாகக் குறையும் காலம், ஏறத்தாழ 12.3 ஆண்டுகளே என்பதால், 1960களின் மணிக்கூடு இருட்டில் பளிச்சென ஒளிர்ந்தால் அந்தப் பூச்சு பிற்காலத்தது. அதற்கு முந்தியவற்றில் ரேடியம் என்ற வேறொரு கதிரியக்கப் பொருள் இருக்கலாம். அதன் அரைவாழ்வு ஏறத்தாழ 1600 ஆண்டுகள். ஒளி மங்கினாலும் கதிர்வீச்சு நிற்பதில்லை. ஆகவே அத்தகைய முகப்பை வீட்டில் திறக்கவோ சுரண்டவோ கூடாது.

பெட்டியும் பற்றுச்சீட்டும் இருந்தால்தான் நல்ல விலை என்று வெளிநாட்டு வணிகர் கூறுவர். 1995 போர்க்கால இடப்பெயர்வில் காணி உறுதிகளையே தவறவிட்ட யாழ்ப்பாணத்துக் குடும்பங்களிடம் மணிக்கூட்டின் பற்றுச்சீட்டைக் கேட்பது பொருந்தாது என்பது என் கருத்து. இயந்திரத்தில் பொறித்த தொடரிலக்கத்தையே இங்கு சான்றாகக் கொள்ளலாம்; அவ்விலக்கத்தைக் கொண்டு லோன்ஜின் தன் பழைய பதிவேடுகளிலிருந்து விவரம் தருகிறது.

கடற்காற்றின் உப்பும் மாரிகால ஈரலிப்பும் உருக்குப் பாகங்களைத் துருப்பிடிக்கச் செய்யும். ஐப்பசி தொடங்கியதும் மணிக்கூட்டைச் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதியுடன் இறுக மூடிய பேணியில் வையுங்கள். வியர்வை ஊறும் தோற்பட்டியைக் கழற்றித் தனியே வையுங்கள்.

திருத்தக் கொடுக்கும்போது உறையை மினுக்க வேண்டாம், முகப்பைத் தொட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி, மாற்றப்படும் பழைய பாகங்களைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.