பழைய பொருள் சந்தைக்கு இருவராகப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பொருள் மனதுக்குப் பிடித்துப்போன அடுத்த நொடியே அதிலுள்ள விரிசல் நம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். சந்தைக்கு நண்பரோடு போவதன் முழுப் பயனும் இங்கேதான் இருக்கிறது. பொருள் யாரை மயக்கவில்லையோ அவர் கையில் கொடுத்துச் சோதிக்கச் சொல்ல வேண்டும். பலரும் நண்பரைப் பேச்சுத்துணைக்கும் பை தூக்கவும் மட்டுமே அழைத்துப் போகிறார்கள்.

அதைவிடப் பெரிய தவறு, இருவரும் கடைக்கு முன்னால் நின்று "அடடா, எவ்வளவு அழகு!" என்று வியப்பது. அந்த ஒரு சொல் காதில் விழுந்ததும் விற்பவர் விலையை இறக்க மாட்டார். அவர் மேல் பிழையில்லை, அது அவர் பிழைப்பு. வேண்டும் என்பவர் வாயைத் திறக்காமல் இருக்கட்டும், விலை கேட்பதும் பேரம் பேசுவதும் மற்றவர் வேலை. அதிகபட்சம் எவ்வளவு தரலாம் என்பதைப் பத்தடி தள்ளி நின்று முன்கூட்டியே நண்பரிடம் சொல்லிவிடுங்கள். அந்தத் தொகையைத் தாண்டினால் அவர் உங்களை அங்கிருந்து கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். கறார் இல்லாத நண்பரை இந்த வேலைக்கு வைக்காதீர்கள்.

இருவருக்கும் ஒரே வகைப் பொருளில் ஆசை இருந்தால், முதலில் கையில் எடுத்தவருக்கே உரிமை என்று வாசலிலேயே பேசி முடித்துவிடுங்கள். யோசிக்க வேண்டுமென்றால் பொருளைக் கீழே வைத்துவிட்டு நகராதீர்கள். வைத்த மறுகணம் அதை வேறு யாரும் எடுக்கலாம். ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க, மற்றவர் பக்கத்துக் கடைகளில் விலை விசாரித்து வரலாம். அதேபோல, அந்நியர் ஒருவர் கையில் பிடித்திருக்கும் பொருளுக்குக் குறுக்கே விலை பேசுவது மரியாதையல்ல.

நேரத்திலும் தவறு நடக்கும். நல்ல சரக்கு காலையில் கடை விரிக்கும்போதே போய்விடும். விலை இறங்குவதோ மூட்டை கட்டும் நேரத்தில்தான், திருப்பி எடுத்துப் போகும் சுமை விற்பவருக்கும் பாரம் அல்லவா? முதல் அரை மணி ஆளுக்கொரு வரிசையாகப் பிரிந்து வேகமாகப் பார்த்துவிட்டு, பிறகு சேர்ந்து நிதானமாகச் சுற்றுங்கள். பிரியும் முன் சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், செல்போனை மட்டும் நம்ப வேண்டாம்.

வெறுங்கையோடு போவதும் தவறுதான். சிறு காந்தம், 3 மீட்டர் அளவு டேப், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், டார்ச், சிறிய பேட்டரிகள் இரண்டு, சுற்றிக்கட்டப் பழைய செய்தித்தாள், சில்லறை, இவ்வளவு போதும். மேசை நாற்காலி வாங்கும் எண்ணம் இருந்தால் வீட்டுக் கதவின் அகலத்தையும் மாடிப்படித் திருப்பத்தையும் அளந்து எழுதிக்கொண்டு கிளம்புங்கள்.

காந்தத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது: ஒட்டவில்லை என்றால் பித்தளை என்று. காந்தம் பலமாக ஒட்டினால் உள்ளே இரும்பு என்பது மட்டும் ஏறக்குறைய உறுதி. துத்தநாகத்திலும் அலுமினியத்திலும்கூடக் காந்தம் ஒட்டாது. பொருளைக் கவிழ்த்து, தேய்ந்த விளிம்பைப் பாருங்கள். மஞ்சளுக்கு அடியில் சாம்பல் நிறம் தெரிந்தால் அது வெறும் முலாம். எடையும் காட்டிக்கொடுக்கும், ஒரே அளவில் பித்தளை அலுமினியத்தைப் போல மூன்று மடங்கு கனக்கும். வெள்ளி என்று சொன்னால் 925 முத்திரையை, அதாவது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்ற குறியைத் தேடுங்கள். 'ஈ.பி.என்.எஸ்.' என்று பொறித்திருந்தால் அது நிக்கல் கலவையின் மேல் பூசிய வெள்ளி முலாம்.

ஃபிலிம் கேமராவில்தான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். வெளியே பளபளவென்று இருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். முதலில் பேட்டரி மூடியைத் திறங்கள். உள்ளே பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் பழைய பேட்டரி கசிந்து மின்முனைகளை அரித்திருக்கிறது. அடுத்து லென்ஸின் துவாரத்தை முழுவதும் விரித்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல் போல இழைகள் தெரிந்தால் பூஞ்சை. துடைத்தாலும் கண்ணாடிப் பூச்சில் தழும்பு நிற்கலாம். பிறகு ஷட்டர், அதாவது ஃபிலிமுக்கு வெளிச்சம் விடத் திறந்து மூடும் திரை. வேகத்தை 1 நொடியில் வைத்து அழுத்தி, நண்பரைக் கடிகாரம் பார்க்கச் சொல்லுங்கள். பாதியில் திணறினாலோ திறந்தபடியே நின்றாலோ உள்ளே கிரீஸ் இறுகியிருக்கும் வாய்ப்பு அதிகம், பழுதுபார்க்கும் செலவு வாங்கிய விலையையே தாண்டலாம். துணித் திரை உள்ள கேமராவானால் பின்கதவைத் திறந்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஊசித்துளைகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். திரையை மட்டும் விரலால் தொடவே தொடாதீர்கள்.

மரச்சாமானில் 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலத் துளைகளைக் கண்டதும் ஓட வேண்டியதில்லை. பூச்சி எப்போதோ வெளியேறிய பழைய துளையாகவும் இருக்கலாம். தரையில் செய்தித்தாளை விரித்து அதன்மேல் நாற்காலியைத் தட்டுங்கள். மாவு போலப் புதுத் தூள் உதிர்ந்தால் உள்ளே உயிருள்ள புழு இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கால்களைக் குறுக்காக ஆட்டிப் பார்த்து மூட்டுகளையும் சோதியுங்கள். மெத்தை இருக்கையின் தையல் ஓரத்தில் கரும்புள்ளிகள் இருந்தால் அது மூட்டைப்பூச்சியின் எச்சமாக இருக்கக்கூடும். எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். பழைய துணி வாங்கினால் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைகுளிரில் குறைந்தது 4 நாள் வைத்த பிறகு அலமாரியில் சேருங்கள்.

பீங்கான் கோப்பையை விரலில் தொங்கவிட்டு நகத்தால் தட்டுங்கள். முழுசாக இருந்தால் கணீரென்று ஒலிக்கும், மயிரிழை விரிசல் இருந்தாலும் சத்தம் மொத்தையாக வரும். பழைய வண்ணப் பீங்கானில் காரீயம் இருக்கக்கூடும். புளிப்பான உணவு பட்டால் அது கரைந்து இறங்கும். அதை அலங்காரத்துக்கு மட்டும் வையுங்கள்.

மின்சாதனத்தை ஓட்டிக்காட்ட முடியாது என்றால், ஓடாத பொருளுக்கு என்ன தருவீர்களோ அதையே தாருங்கள். வயரின் ரப்பர் வெடித்திருந்தால் வயரை மாற்றும்வரை ப்ளக்கில் செருகவே கூடாது. தலைக்கவசத்தையும் குழந்தைகளுக்கான கார் இருக்கையையும் இங்கே வாங்கவே வாங்காதீர்கள். ஒருமுறை விபத்தில் அடிபட்டிருந்தால் அந்தச் சேதம் கண்ணுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் புளி, எலுமிச்சை, பாலிஷ் என்று தேய்க்க உட்காருவது பலருக்கும் உள்ள பழக்கம். பழைய நாணயத்தைத் தேய்த்தால் சேகரிப்பாளரிடம் அதன் மதிப்பு சரிந்துவிடும். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய ஷெல்லாக் (அரக்கு) இசைத்தட்டை ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் தட்டே கரையும். இருவரும் சேர்ந்து கூறாக வாங்கிய பொருள்களை மட்டும் வீடு வரும்வரை விட்டுவைக்காதீர்கள், எது யாருக்கு, யார் எவ்வளவு தர வேண்டும் என்பதைச் சந்தை வாசலிலேயே பிரித்துக் கணக்கை முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.