இரட்டை இறக்கை மாடலா? மேல் இறக்கையை அவசரப்பட்டு ஒட்டாதீர்கள்

பாகங்களை ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் விமான மாடல் கிட்டில், ஒற்றை இறக்கை வகை நாலைந்து ஒட்டி முடித்தவர்கள்கூட இரட்டை இறக்கை என்றதும் பெட்டியைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடுவார்கள். இரண்டு இறக்கைக்கும் நடுவே தாங்குகால்கள், அவற்றுக்கிடையே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள். பார்த்தாலே கை நடுங்கும். வேலை உண்மையில் அவ்வளவு கடினமில்லை, வரிசை தப்பினால்தான் வம்பு.

பழகிக்கொள்ள நான் சொல்வது கர்டிஸ் ஸ்பாரோஹாக். 1930-ல் அமெரிக்கக் கடற்படை, விமானந்தாங்கிக் கப்பலுக்கு ஒரு குட்டிப் போர்விமானம் வேண்டுமென்று கேட்டது. கர்டிஸ் நிறுவனம் கட்டிய சோதனை விமானமான எக்ஸ்எஃப்9சி-1, 1931 பிப்ரவரியில் பறந்தது. போட்டிக்கு வந்த வேறு இரண்டு நிறுவனங்களின் விமானங்களைப் போலவே இதுவும் கப்பலுக்குத் தேறவில்லை. ஆனால் இறக்கை அகலம் 8 மீட்டருக்கும் குறைவு. ஆக்ரான், மேக்கன் என்ற, வாயு நிரப்பி வானில் மிதக்கும் ராட்சத வான்கப்பல்களின் வயிற்றுக்கதவு வழியே உள்ளே போகிற அளவு! மேல் இறக்கையின் நடுவில் ஒரு கொக்கியை வைத்தார்கள். 1931 அக்டோபர் 27 அன்று, லாஸ் ஏஞ்சலஸ் என்ற வான்கப்பலின் அடியில் தொங்கிய ஊஞ்சல் கம்பியில், பறந்துகொண்டே போய் மாட்டிக்கொண்டது. பிறகு எஃப்9சி-2 என்ற பெயரில் 6 விமானங்கள் செய்தார்கள். கிட்டாகப் பெரும்பாலும் கிடைப்பது அதுதான். 48-ல் ஒரு பங்கு அளவில் இறக்கை 16 சென்டிமீட்டர்தான் வரும்.

படி 1: ஒட்டாமல் பொருத்திப் பாருங்கள்

உடல், கீழ் இறக்கை, தாங்குகால்கள், மேல் இறக்கை எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் கட்டி நிறுத்திப் பாருங்கள். எந்தக் கால் எந்தக் குழியில் உட்காருகிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். இதைச் சோம்பேறித்தனத்தில் விட்டவர்கள் எல்லாரும் பின்னால் அழுதிருக்கிறார்கள், நான் உட்பட.

படி 2: துளைகளும் கொக்கியும்

கம்பி வரப்போகும் இடங்களில் 0.3 மி.மீ. துளை இப்போதே போட்டுவிடுங்கள். முழுக்கத் துளைக்க வேண்டாம், சிறு பள்ளம் போதும். கிட்டில் வரும் பிளாஸ்டிக் கொக்கி பாரம் தாங்காது. வீட்டு வயரிங்கில் வெட்டிப்போட்ட துண்டிலிருந்து 1 மி.மீ. செம்புக் கம்பியை உருவி, கொக்கியாக வளைத்து, மேல் இறக்கையின் நடுவில் துளைத்துச் சொருகி, அடியில் மடக்கி ஒட்டுங்கள். ஏன் இவ்வளவு பலம் என்று கடைசியில் தெரியும்.

படி 3: பிரித்து வைத்தே பெயின்ட்

என் முதல் இரட்டை இறக்கை மாடலில் முழுதையும் ஒட்டிவிட்டுப் பிரஷை எடுத்தேன். இரண்டு இறக்கைக்கும் நடுவே பிரஷ் நுழையவில்லை. கீழ் இறக்கையின் பாதி இன்றைக்கும் வெறும் பிளாஸ்டிக்தான்.

மேல் இறக்கையின் மேல்பக்கம் நல்ல மஞ்சள். கடலில் விழுந்த விமானத்தைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்க அந்தக்காலக் கடற்படை வைத்த நிறம் அது. மஞ்சளுக்கு முன் கட்டாயம் வெள்ளை அடிப்பூச்சு வேண்டும். சாம்பல் பிளாஸ்டிக்கில் நேராக அடித்தால் பாசி பிடித்த மாதிரி பச்சையடிக்கும். மெல்லிசாக மூன்று கை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் நன்றாகக் காயவிடுங்கள். உலோக உடலுக்கு வெளிர்சாம்பல், துணி போர்த்திய மற்ற இடங்களுக்கு வெள்ளி நிறம்.

படி 4: மேல் இறக்கை

குறித்துவைத்த குழிகளில் பெயின்டைச் சுரண்டுங்கள். மாடல் பசை பிளாஸ்டிக்கை இளக்கித்தான் பிடிக்கும், பெயின்ட் மேல் போட்டால் நிற்காது. விமானத்தைத் தலைகீழாக்கி, கொக்கி மேசையில் இடிக்காதபடி, மேல் இறக்கையை இரண்டு பக்கமும் தீப்பெட்டிகளின் மேல் படியவைத்து ஒட்டுங்கள். முன்னாலிருந்து பார்த்து இரண்டு இறக்கையும் இணையாக இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு, மறுநாள் வரை தொடாதீர்கள்.

படி 5: கம்பி இழுப்பது

தையல் நூல் வேண்டாம். அசல் கம்பி ஒரு சென்டிமீட்டர் தடிமன்கூட இருக்காது. இந்த அளவில் 0.2 மி.மீ.யைத் தாண்டினால் கொடிக்கயிறு மாதிரி தெரியும். நூலில் பிசிறு வேறு.

கிட் பாகங்கள் ஒட்டியிருந்த சட்டத்தில் 10 சென்டிமீட்டர் துண்டு வெட்டுங்கள். மெழுகுவத்திச் சுடருக்கு இரண்டு விரற்கடை மேலே பிடித்து உருட்டிக்கொண்டே இருங்கள். நடுப்பகுதி பளபளத்துத் துவளும்போது வெளியே எடுத்து, ஒரு நொடி பொறுத்து, இரண்டு பக்கமும் இழுங்கள். வேகமாக இழுத்தால் மெலிசு, மெதுவாக இழுத்தால் தடிமன். முதல் ஐந்தாறு அறுந்துபோகும், போகட்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

கவராயத்தால் ஒரு துளையிலிருந்து மறு துளைக்கு அளந்து, அதே நீளத்துக்கு பிளேடால் வெட்டி, இரு முனையிலும் ஃபெவிகால் பொட்டு வைத்து, சாமணத்தால் உட்கார வையுங்கள். காய்ந்தபின் சில கம்பிகள் தொய்ந்திருக்கும். ஊதுபத்தியைப் பற்றவைத்து, அதன் கனலும் நுனியை ஒரு சென்டிமீட்டர் தள்ளியே கம்பி நெடுக நகர்த்துங்கள். கண்ணெதிரே சுருங்கி விண்ணென்று நிற்கும். தொட்டுவிட்டால் அறுந்தது, அவ்வளவுதான். இந்த ஒரு வித்தைக்காகவே இரட்டை இறக்கை மாடல் கட்டலாம் என்பேன்.

படி 6: சக்கரம் வேண்டாம்

மேக்கனில் இருந்தபோது இந்த விமானங்களின் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கூடுதல் பெட்ரோல் தொட்டி மாட்டினார்கள். கிளம்புவதும் திரும்புவதும் கொக்கியில்தானே! 1935 பிப்ரவரி 12-ல் கலிஃபோர்னியா கடலோரத்தில் மேக்கன் விழுந்தபோது அதிலிருந்த நான்கு ஸ்பாரோஹாக்குகளும் கூடவே மூழ்கின. இன்றைக்கு மிஞ்சியிருக்கும் ஒரே ஸ்பாரோஹாக் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதனால் சக்கரங்களை ஒட்டாமல் உதிரிப் பெட்டியில் போடுங்கள். அலமாரித் தட்டின் அடியில் ஒரு குறுக்குக் கம்பி பொருத்தி, மாடலைக் கொக்கியால் அதில் மாட்டிவிடுங்கள். மின்விசிறி போட்டால் லேசாக ஆடும்.