நாற்பத்தைந்தில் வேலையை விடுமுன்: வன்னியில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் இன்று நாற்பதைத் தாண்டி நிற்கிற பலர், 2009இல் யுத்தம் முடிந்த பிறகு திட்ட வேலைகளில் உழைத்தவர்கள். கண்ணிவெடி அகற்றல், வீட்டுத்திட்டம், தொண்டு நிறுவனங்களின் கள வேலை. திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். அப்போது வீட்டில் வருகிற பேச்சு ஒன்றுதான்: "இனி ஒருத்தரிட்டயும் போய் நிக்கேலாது, சொந்தமா ஒரு கடை போடுவம்."

முதல் தவறு அங்கேதான். சம்பளத்தை விட்டால் அடுத்தது கடை என்றே நினைக்கிறோம். இரண்டுக்கும் நடுவே, தெரிந்த கைத்தொழிலைத் தனியாளாகச் செய்கிற வழி இருப்பதை மறந்துவிடுகிறோம். பத்து வருடம் ஒரு நிறுவனத்தின் வாகனங்களைப் பார்த்த மெக்கானிக்குக் கடை எதற்கு? உபகரணப்பெட்டியும் மோட்டார் சைக்கிளும் இருந்தால் தண்ணீர்ப் பம்பும் லாண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரமும் பழுதாகிக் கிடக்கிற வீடுகளுக்கு அவரே போகலாம். வயரிங், தையல், கணக்கு எழுதுவது எல்லாம் இப்படித்தான். சரிவராவிட்டால் சில மாத உழைப்பு போகும், அவ்வளவுதான். கடை சரிவராவிட்டால் காணி உறுதியும் நகையும் போகும். மகள் உயர்தரம் படிக்கிற வயதில் அந்த இழப்பிலிருந்து எழும்புவது லேசில்லை.

கடைதான் என்று முடிவெடுத்தவர்கள் கடன் கொப்பியைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஒரு உரக்கடையை எடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் காலபோகம் என்கிற மாரி நெற்செய்கைக்கு உரமும் மருந்தும் கடனுக்குப் போகும். காசு திரும்புவது மாசி, பங்குனியில் நெல் வெட்டிய பிறகு. ஆனால் சாமான் தந்த மொத்த வியாபாரிக்குக் கொடுத்த செக் அதற்கு எவ்வளவோ முன்னரே வங்கிக்குப் போய்விடும். இடைப்பட்ட மாதங்களைத் தாங்கக் கையில் காசு வேண்டும். 2018 மார்கழி வெள்ளம் மாதிரி ஒன்று வந்து வயல் அழிந்தால் கொப்பியில் இருக்கிற பெயர்களை என்ன செய்வது? அவர்களும் நம் ஊர்ச் சனந்தான், கழுத்தைப் பிடிக்க முடியாது.

லீசிங்கில் நெல் வெட்டுகிற மெசின் எடுப்பவர்களுக்கும் இதே சிக்கல்தான். மெசினுக்கு வேலை போகத்துக்குச் சில கிழமைகள், தவணையோ மாதா மாதம்.

அடுத்தது சம்பளத்தோடு மாதா மாதம் சேருகிற ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எப்.). "வேலையை விட்டால் ஈ.பி.எப். வரும், அதைப் போட்டுத் தொடங்குவம்" என்பது தவறான கணக்கு. வேலையை விட்ட காரணத்துக்காக மட்டும் அது கைக்கு வராது. ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயது ஆக வேண்டும். நிரந்தரமாக வெளிநாடு போவது போன்ற சில விதிவிலக்குகளில் மட்டுமே முன்கூட்டிக் கிடைக்கும். முதலாளி போடுகிற பங்கையும் நாம் சம்பளமாக எண்ணுவதில்லை. சேமலாப நிதிக்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ஈ.ரி.எப்.) 3 வீதம். 60,000 ரூபா சம்பளம் என்றால் மாதம் 9,000 ரூபா. தனியாகத் தொழில் செய்தால் இந்த 9,000 ரூபாவையும் நீங்களே உழைத்து ஒதுக்க வேண்டும். சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டம் பற்றிப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். வயது ஏற ஏற மாதக் கட்டுப்பணம் கூடும் என்பதால் பிந்த வேண்டாம்.

பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தியானால், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில், வேலையை விடும்போது முதலாளி தர வேண்டிய பணிக்கொடை உண்டு. நாலரை வருடத்தில் கோபித்துக்கொண்டு கடிதம் கொடுத்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்க மனம் பதறுகிறது.

மனைவியின் நகையை அடகு வைத்தோ, அவர் பெயரில் நுண்கடன் எடுத்தோ தொடங்குவதை நான் முற்றாக எதிர்க்கிறேன். கிழமைக் கடனுக்கு வாசலில் வந்து நிற்பவருக்குப் பதில் சொல்கிறவர் அவர்தான். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மறுபடி சம்பள வேலைக்குப் போவதைத் தோல்வியாக எண்ணுவதும் வேண்டாம். முன்னர் மேற்பார்வையாளராக இருந்தவர் ஐம்பதில் களஞ்சியக் காப்பாளராக நிற்பதில் குறை எதுவுமில்லை. கடைசிப் பிள்ளை படித்து முடியும் வரைக்கும் அதுவே நல்ல தெரிவாக இருக்கலாம்.

தொழிலில் இறங்கத்தான் வேண்டும் என்றால் வேலையில் இருக்கும்போதே சனி, ஞாயிறில் செய்து பாருங்கள். வந்த காசு, பெற்றோல் செலவு, வராத காசு மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒரு காலபோகமும் ஒரு சிறுபோகமும் (கோடை நெற்செய்கை) கடந்த பிறகு அந்தக் கொப்பியை மனைவியோடு இருந்து பாருங்கள். பிரதேச செயலகத்தில் தொழில் பெயரைப் பதிவதற்கு அதன் பிறகு போகலாம்.