ஆங்கிலச் சொல்லுக்கு ஓர் அட்டை: பொருளும் வாக்கியமும்

ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும். முப்பதை ஒரே மூச்சில் உருப்போட்டால் பெரும்பாலும் நழுவிவிடும்.

கெட்டித்தாளை உள்ளங்கை அளவு வெட்டிக்கொள்ளுங்கள். முன்பக்கம் சொல் மட்டும். பின்பக்கம் பொருள், கூடவே வரும் சொற்கள், நீங்களே எழுதிய ஒரு வாக்கியம்.

தமிழ்ப் பொருளோடு நிறுத்திக்கொள்வதுதான் பலரும் செய்யும் தவறு. 'ரெட்டிசென்ட்' என்பதற்கு வெறுமனே 'தயங்குகிற' என்று எழுதினால், போகத் தயங்குவதற்கும் அதையே போடத் தோன்றும். அதற்கு 'ரிலக்டன்ட்' இருக்கிறது. 'ரெட்டிசென்ட்' மனம்விட்டுப் பேசத் தயங்குவது: 'ஹி இஸ் ரெட்டிசென்ட் அபௌட் ஹிஸ் பாஸ்ட்'. தன் பழைய வாழ்க்கையைப் பற்றி அவர் எளிதில் வாய் திறக்க மாட்டார்.

'மிட்டிகேட்' என்றால் கடுமையைத் தணிப்பது: 'ட்ரீஸ் மிட்டிகேட் த ஹீட்'. பின்னால் 'அகெய்ன்ஸ்ட்' சேர்க்காதீர்கள். அது 'மிலிட்டேட்' என்ற வேறு சொல்லுக்கு உரியது. அதன் பொருள் தடையாக நிற்பது. இரண்டையும் அடுத்தடுத்த நாளில் படித்தால் குழப்பம் நிச்சயம், பத்து நாளாவது இடைவெளி விடுங்கள்.

மறுபார்வை 1, 3, 7, 21ஆம் நாட்களில். அட்டையைத் திருப்புவதற்கு முன் பொருளை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். திருப்பிப் படித்துக்கொண்டே போனால் தெரிந்த மாதிரி மயக்கம்தான் மிஞ்சும். தவறினால் அட்டை முதல் நாளுக்குத் திரும்பும். மூன்று முறை தவறினால் வாக்கியத்தை அடித்துவிட்டு, உங்கள் வீட்டிலோ வேலையிலோ நடந்ததை வைத்துப் புதிதாக எழுதுங்கள்.