பிரிட்டனுக்குப் புதிதாக வருபவர்களுக்கு: பாராசிட்டமாலைக் கணக்கோடு எடுங்கள்

ஊரிலிருந்து கிளம்பும்போது பெட்டியின் ஓரத்தில் செருகி வரும் டோலோ 650 அட்டையும், இலங்கையிலிருந்து வருபவர்கள் மறக்காமல் கொண்டுவரும் பனடோலும், இங்கே கடைக்குக் கடை விற்கும் பாராசிட்டமாலும் ஒரே மருந்துதான். காய்ச்சல், தலைவலி, பல்வலி எதுவானாலும் முதலில் நாடத்தக்கது இதுவே. இன்னொரு வலிநிவாரணியான ஐபுபுரோஃபனைப் போல வயிற்றைப் புண்ணாக்குவதில்லை.

ஆனால் இங்குள்ள மாத்திரை பொதுவாக 500 மில்லிகிராம். பெரியவர்கள் வேளைக்கு ஒன்றோ இரண்டோ, குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி விட்டு, 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேல் போகாமல் எடுக்கலாம். அதாவது உச்ச அளவு 4,000 மில்லிகிராம். அந்த எட்டை நினைவில் வைத்து 650 மில்லிகிராம் கொண்ட டோலோவை விழுங்கினால் 5,200 ஆகிவிடும். சளிக்கென்று வெந்நீரில் கலக்கிக் குடிக்கும் லெம்சிப் மேக்ஸ் பொட்டலம் ஒன்றிலேயே 1,000 மில்லிகிராம் பாராசிட்டமால் இருக்கிறது. கோ-கோடமால் என்ற வலிநிவாரணியிலும் அது உண்டு. ஆகவே மாத்திரைகளை எண்ணாமல் மில்லிகிராமைக் கூட்டுங்கள். எங்கள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் நேரத்தையும் அளவையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிடுவோம்.

என் முதல் குளிர்காலத்தில் மூன்று பாராசிட்டமால் பெட்டிகளை எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனபோது, அங்கிருந்த பெண் இரண்டுக்கு மேல் தர முடியாது என்று ஒன்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டார். அளவுமீறிய மருந்தால் நேரும் சாவுகளைக் குறைக்க 1998 முதல் சாதாரணக் கடைகளில் பெட்டிக்கு 16 மாத்திரை, மருந்தகத்தில் 32 என்று வரம்பு வைத்திருப்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

இந்த மருந்தின் ஒரு சிறு பகுதியைக் கல்லீரல் நச்சுப்பொருளாக மாற்றி, தன்னிடமுள்ள குளூட்டத்தயோன் என்ற பொருளைக் கொண்டு உடனே முறித்துவிடுகிறது. அளவு மீறும்போது அந்தக் கையிருப்பு தீர்ந்து, கல்லீரலின் செல்களே அழியத் தொடங்குகின்றன. முதல் நாள் குமட்டலைத் தவிர ஒன்றும் தெரியாமல் போகலாம், மஞ்சள் காமாலை தெரியவரும்போது இரண்டு மூன்று நாள் கடந்திருக்கும். முறிமருந்தான அசிட்டைல்சிஸ்டீன் எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் மிக நன்றாக வேலை செய்யும் என்பதால், அளவு மீறிவிட்டது என்று தெரிந்தால் உடம்பு நன்றாக இருந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

50 கிலோவுக்குக் குறைவான எடையுள்ளவர்கள் (ஊரிலிருந்து வந்து தங்கும் பெற்றோரில் பலர் அப்படித்தான்), கல்லீரல் நோயாளிகள், தினமும் மது அருந்துபவர்கள், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் ஆகியோர் மருந்தாளுநரிடம் கேட்டுவிட்டே எடுக்க வேண்டும். அதற்கு முன்பதிவும் கட்டணமும் தேவையில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த அட்டையைக் கையோடு எடுத்துச் சென்று அருகிலுள்ள மருந்தாளுநரிடம் காட்டினால் போதும்.