கனமான படகுக்குப் படகுக் கொட்டகை லிஃப்டைத் தயார் செய்தல்

டொராண்டோவுக்கு வடக்கே உள்ள மஸ்கோகா, ரோசோ, ஜோசப் ஆகிய ஏரிகளின் கரைகளில் நிற்கும் படகுக் கொட்டகைகளுள் பலவற்றில், மேல் உத்தரங்களிலிருந்து நான்கு கம்பி வடங்கள் இறங்கி ஒரு தொட்டிலைத் தாங்க, அந்தத் தொட்டிலின் மீது படகு நீர்மட்டத்துக்கு மேலே நிறுத்தப்படும். 1,300 கிலோ அளவிலான நீர்ச்சறுக்குப் படகுக்காக அமைத்த இத்தகைய லிஃப்டில், இரண்டு டன்னைத் தாண்டும் இன்றைய அலைச்சறுக்குப் படகை ஏற்ற நினைக்கும் உரிமையாளர் பெரும்பாலும் முதலில் கேட்பது, எத்தனை குதிரைத்திறன் மோட்டார் போட வேண்டும் என்பதைத்தான். உண்மையில் மோட்டாரைப் பற்றிக் கடைசியாகக் கவலைப்பட்டால் போதும்.

காரணம் எளிது. 2,900 கிலோ எடையை நிமிடத்துக்கு 60 செ.மீ. வேகத்தில் தூக்குவதற்குச் சுமார் 285 வாட் திறனே தேவை. பற்சக்கரப் பெட்டியில் பாதிக்கு மேல் வீணாகிறது என்று கொண்டாலும் ஒரு குதிரைத்திறன் மோட்டார் அந்த வேலையைச் செய்துவிடும். மோட்டார் முனகாமல் தூக்குகிறது என்பதற்காக வடமும் கப்பியும் உத்தரமும் தூணும் அதே எடையைத் தாங்கும் என்று பொருளில்லை. தொட்டிலில் தொடங்கி ஏரியின் அடிமண் வரை சுமை இறங்கிச் செல்லும் வழியில் எந்த உறுப்பு மிகவும் பலவீனமானதோ, அதன் கொள்ளளவே லிஃப்டின் கொள்ளளவு. வடத்தைச் சுற்றும் உருளையில் ஒட்டியிருக்கும் தகட்டில் அச்சிட்ட எண் அல்ல.

ஆகவே எடையிலிருந்து தொடங்க வேண்டும். விற்பனைக் கையேட்டில் காணப்படும் எடை பெரும்பாலும் வெறும் படகின் எடை. எரிபொருளும் சாமான்களும் அதில் சேராது, வெளிப்புற எஞ்சின் பொருத்தும் படகானால் எஞ்சினே சேராமல் இருக்கலாம். கையேடு 2,150 கிலோ என்று சொல்லும் ஒரு படகை எடுத்துக்கொள்வோம். 190 லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 140 கிலோ. பேட்டரிகள், நங்கூரம், மிதவைச் சட்டைகள், சறுக்குப் பலகைகள் எல்லாம் சேர்ந்து 200 கிலோ. அலையைப் பெரிதாக்குவதற்காக நீர் நிரப்பும் தொட்டிகளைக் காலி செய்த பிறகும் அடியில் தங்கிவிடும் நீருக்கு 150 கிலோ. கூட்டினால் 2,640, இதை 2,650 என்று வைத்துக்கொண்டு, தொட்டிலின் சொந்த எடை 250 கிலோவையும் சேர்த்தால் 2,900 கிலோ ஆகிறது. இப்படிக் கூட்டிப் பார்ப்பதைவிட, வழக்கமான சாமான்களோடு படகை டிரெய்லரில் ஏற்றி எடைமேடையில் நிறுத்தி, பிறகு வெறும் டிரெய்லரை நிறுத்தி இரண்டையும் கழித்துப் பார்ப்பது மேல்.

மொத்த எடை மட்டும் போதாது. இவ்வகைப் படகில் எஞ்சின் அமரத்தில், அதாவது பின்பகுதியில், இருப்பதால் எடை நான்கு வடங்களுக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. படகின் எடையில் 65 விழுக்காடு பின்பக்கம் விழுகிறது என்று கொண்டால், தொட்டிலின் பாதியையும் சேர்த்துப் பின்னிரண்டு முனைகளும் ஒவ்வொன்றும் சுமார் 925 கிலோவைச் சுமக்கின்றன. நான்கால் வகுத்துக் கிடைக்கும் 725 அல்ல. இப்போது வடத்தைப் பார்ப்போம். 8 மி.மீ. துருப்பிடிக்காத எஃகு வடம் அறுபடும் சுமை ஏறத்தாழ 4,000 கிலோ. தூக்கும் வேலைக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான், அதாவது 800 கிலோவைத்தான், நம்பலாம். முனையை மடக்கிக் கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்தால் அந்த இடத்தின் பலம் எண்பது விழுக்காடாகக் குறைவதால் 640 கிலோவே மிஞ்சும். ஒற்றை வடத்தில் 925 கிலோவைத் தொங்கவிடுவது பாதுகாப்பு வரம்பை உண்டுவிடுகிறது.

இதற்கு நல்ல தீர்வு, தொட்டிலின் ஒவ்வொரு முனையிலும் ஒரு கப்பியைப் பொருத்தி, வடத்தை அதன் வழியாகச் சுற்றி மேலே கொண்டுபோய் மறுமுனையை உத்தரத்தில் கட்டுவது. வடத்தின் இழுவிசை பாதியாகி 462 கிலோ அளவுக்கு இறங்கும். உருளையின் மீது விழும் முறுக்கமும் பாதியாவதால் பழைய மோட்டாரே போதுமானதாக இருக்கவும் கூடும். ஆனால் வேகமும் பாதியாகும், உருளையில் இரு மடங்கு நீள வடம் சுற்ற வேண்டியிருக்கும். அந்த நீளம் ஒரே அடுக்கில், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் படிகிறதா என்று பார்க்க வேண்டும். படகு மிகத் தாழ்ந்த நிலையில் இருக்கும்போதும் உருளையில் மூன்று சுற்றாவது மீதம் இருக்க வேண்டும். வடம் செங்கோணத்தில் திரும்பும் இடத்தில் இருக்கும் கப்பியின் அச்சு 462 அல்ல, சுமார் 655 கிலோவைத் தாங்குகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கிளாம்ப் போடும்போது அதன் யு வடிவப் போல்ட், சுமை தாங்காத வால் முனையின் மீது படிய வேண்டும். இதை மாற்றிப் போட்டால் சுமை தாங்கும் வடமே நசுங்கும். வடத்தில் இழை முறிந்து முள்போல் நீட்டிக்கொண்டிருந்தால் அந்த வடத்தை மாற்றிவிட வேண்டும், அதில் கணக்குப் பார்க்கக் கூடாது.

இதுவரை சொன்னதெல்லாம் காசு கொடுத்தால் கடையில் கிடைப்பது. உத்தரமும் தூணும் அப்படியல்ல. பழைய கொட்டகைகளில் லிஃப்டின் உத்தரம் கூரையைத் தாங்கும் சட்டகத்தின் பகுதியாகவே இருக்கும். மஸ்கோகாவின் பனிப்பொழிவைச் சுமப்பதற்காக வடிவமைக்கப்பட்ட அந்தச் சட்டகம், பனியோடு சேர்த்து மூன்று டன் படகையும் சுமக்கும் என்று எதிர்பார்ப்பது ஆபத்து. போல்ட் முடுக்கிய இடங்களை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். வாஷர் மரத்தின் மேற்பரப்போடு தட்டையாக நிற்காமல் பாதி கனத்துக்கு உள்ளே அமிழ்ந்து, சுற்றிலும் மரநார் பிதுங்கியிருந்தால், பழைய படகே அந்த மரத்துக்கு அதிகம் என்று அது சொல்கிறது. துளையிலிருந்து நாரின் போக்கிலேயே ஓடும் வெடிப்பும் அதே செய்தியைத்தான் தருகிறது.

அடித்தளத்துக்கு வந்தால், இங்குள்ள பழைய படகுத்துறைகள் மரக்கட்டைகளைக் கூண்டாக அடுக்கி உள்ளே கல் நிரப்பிக் கட்டப்பட்டவை. எப்போதும் நீரில் மூழ்கியிருக்கும் கட்டை பல பத்தாண்டுகள் உழைக்கும். நீர்மட்டம் ஏறி இறங்கும் இடத்தில், நனைந்தும் காய்ந்தும் மாறிவரும் கட்டைதான் உளுத்துப்போகும். அந்த மட்டத்தில் ஒரு திருப்புளியால் குத்திப் பார்த்து, தூண்களுக்குத் தூக்குக்குண்டும் தரைக்கு ரசமட்டமும் வைத்துப் பார்த்தால், கூண்டு ஏரிப் பக்கம் சாய்ந்திருப்பது தெரிந்துவிடும். என் கருத்தில், எடை இரு மடங்காகும்போது பழைய சட்டகத்துக்கு ஒட்டுப் போடுவதைவிட, ஏரியின் உறுதியான அடித்தளம் வரை இறக்கிய எஃகுத் தூண்களின் மேல், கூரையோடு தொடர்பில்லாத தனி எஃகு உத்தரங்களை அமைப்பதே சிறந்தது. அதன் அளவை உரிமம் பெற்ற கட்டமைப்புப் பொறியாளர்தான் முடிவு செய்ய வேண்டும். நகராட்சியின் கட்டட அனுமதிக்கும் அவருடைய வரைபடம் பயன்படும்.

தொட்டிலின் தாங்குகட்டைகள், படகின் உடலுக்குள் நீளவாக்கில் ஓடும் வலுவூட்டுச் சட்டங்களுக்கு நேர் கீழே அமைய வேண்டும். சுழலித்தண்டு, சுக்கான், அடிப்புறத் துடுப்புகள், ஆழமானி ஆகியவற்றில் எந்தப் பாரமும் விழக்கூடாது. பட்டை போட்டுத் தூக்கும் பழைய முறையில் தண்டு வளைந்துபோவதற்கு இதுவே காரணம். படகின் எடை மையம் பின்னால் இருப்பதால் தொட்டிலையும் அதற்கேற்பப் பின்னால் நகர்த்த வேண்டியிருக்கும். அப்படிச் செய்யும்போது படகின் மேலே உயர்ந்து நிற்கும் அலைச்சறுக்குக் கோபுரம் உத்தரத்தில் இடிக்காமல் இருக்கிறதா என்பதையும் அளந்துகொள்ள வேண்டும்.

மின் வேலையை உரிமம் பெற்றவரிடமே விட வேண்டும். நன்னீரைவிட மனித உடல் மின்சாரத்தை எளிதாகக் கடத்துவதால், ஏரி நீரில் கசியும் சிறிய மின்னோட்டமும் நீந்துபவரின் தசைகளைச் செயலிழக்கச் செய்து மூழ்கடிக்கக் கூடும். கசிவைக் கண்டவுடன் துண்டிக்கும் பிரேக்கர் கட்டாயம். மோட்டாரும் மின் பெட்டியும் 2013, 2019 ஆம் ஆண்டுகளின் வசந்தகால வெள்ளத்தில் நீர் ஏறிய மட்டத்துக்கு மேலே இருப்பது நல்லது. ஸ்விட்ச், அழுத்திப் பிடித்திருக்கும் வரை மட்டும் இயங்குவதாகவும், அங்கிருந்தே நான்கு முனைகளும் கண்ணில் படும்படியும் அமைய வேண்டும். மேல் எல்லையில் தானாக நிறுத்தும் ஸ்விட்சும், தூக்கி முடித்தபின் தொட்டிலைத் தாங்கும் தனிச் சங்கிலிகளும் தேவை.

சோதனைக்கு முன் உத்தரத்தின் இரு முனைகளுக்கும் இடையே நூல் பிடித்துக் கட்டி, நடுவில் இடைவெளியை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். படகிலோ அதன் அடியிலோ ஒருவரும் இல்லாமல், படகு நீரை விட்டு 10 செ.மீ. எழும்பும் வரை மட்டும் தூக்கி நிறுத்த வேண்டும். ஏதாவது அறுந்தாலும் படகு நீரில்தான் விழும். பொறியாளர் ஒப்புக்கொண்டால், படகை இறக்கி, நீர் நிரப்பிய 20 லிட்டர் கேன்கள் பதினைந்தைப் படகின் தரையில் பரவலாக வைத்துப் பத்து விழுக்காடு கூடுதல் சுமையோடு மீண்டும் அதே உயரத்துக்குத் தூக்கலாம். 6 மீட்டர் உத்தரம் 13 மி.மீ.க்கு மேல் தொய்ந்தாலோ, ஓர் இரவு கழித்து அளக்கும்போது தொய்வு கூடியிருந்தாலோ, படகை இறக்கியபின் நூல் பழைய இடைவெளிக்குத் திரும்பாவிட்டாலோ, பொறியாளரை மீண்டும் அழைக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால், அளந்த தொய்வையும் தூக்கிய எடையையும் தேதியோடு உத்தரத்தின் பக்கவாட்டில் பெயிண்டால் எழுதி வைக்கலாம். அடுத்த வசந்தத்தில் பனிக்கட்டி உருகிய பிறகு, முதல் தடவை தூக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் வேண்டியிருக்கும்.